ஸ்டொக் வந்ததும் இமெயில்: ஷொப்பிஃபை ஆப்பா, வூகொமர்ஸ் பிளக்இன்னா?

வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்கம் உடுப்புக் கடை வைத்துக்கொண்டு ஒன்லைனிலும் விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஸ்டொக் இல்லை’ என்று மட்டும் காட்டுகிற பக்கத்துக்கு வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்த இடத்தில் இமெயில் கேட்கும் ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும்.

மாதக் கட்டணத்துக்கு ஒன்லைன் கடையை நடத்தித் தரும் ஷொப்பிஃபை என்றால் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. இதற்கென்றே நிறைய ஆப் இருக்கிறது, போட்ட அன்றைக்கே வேலை செய்யும், இமெயிலையும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் இலவசத் திட்டங்களில் பெரும்பாலும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டினால் மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்ததைப் பார்த்த கொழும்புக் கடைக்காரருக்கு டொலர் பில் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் வூகொமர்ஸில் காசு மிச்சம், வேலை கூட. இலவச பிளக்இன்னே (தளத்தில் சேர்க்கும் சிறு மென்பொருள்) போதும், பதிந்தவர்களின் பட்டியலும் உங்கள் டேட்டாபேஸிலேயே இருக்கும். சிக்கல் எல்லாம் இமெயில் போய்ச் சேருவதில்தான். வேர்ட்பிரஸை அப்படியே விட்டால் ஹோஸ்டிங் சேர்வரின் பிஎச்பி மெயில் வழியாக அனுப்பும், அது ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம்; இமெயில் அனுப்புவதற்கென்றே இருக்கும் எஸ்எம்டிபி சேவை ஒன்றை இணைத்து, இமெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் டொமைனுக்குப் போட்டுவிடுங்கள், 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் சிறிய அளவில் அனுப்புகிறவர்களிடமும் இவற்றில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. அப்புறம், குறித்த நேரத்து வேலைகளைத் தானாகச் செய்யும் வேர்ட்பிரஸின் கிரோன் யாராவது தளத்துக்குள் வந்தால்தான் ஓடும். இரவில் ஸ்டொக்கை ஏற்றிவிட்டுப் படுத்தால், வரிசையில் நிற்கும் இமெயில் காலையில் முதல் ஆள் தளத்தைத் திறக்கும்வரை அப்படியே கிடக்கலாம். ஹோஸ்டிங்கைக் கையாளும் சிபேனலில், ஆள் வராவிட்டாலும் நேரத்துக்கு ஓடும் சேர்வர் கிரோன் ஒன்றைப் போட்டால் சரி.

எதை எடுத்தாலும், அளவு, நிறம் வாரியாகப் பதிய விடுகிறதா என்று முதலில் பாருங்கள். மெரூன் சுரிதாரில் 40 கேட்டவருக்கு 36 வந்த அன்று இமெயில் போனால், அடுத்ததை அவர் திறக்கவே மாட்டார். எண்ணிக்கையும் அப்படித்தான். மூன்று சுரிதார் வந்திருக்கிறது, நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பினால் முப்பத்தேழு பேர் ஏமாந்து திரும்புவார்கள். முதலில் பதிந்தவருக்கு முதலில், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் வசதி சில ஷொப்பிஃபை ஆப்களில் இருக்கிறது. இலவச பிளக்இன்களில் தேடித்தான் எடுக்க வேண்டும். நான் காசு கொடுப்பதென்றால் இந்த ஒரு வசதிக்குத்தான் கொடுப்பேன்.

வட்ஸ்அப்பில் கையால் சொல்வது பத்துப் பதினைந்து பேருக்கு நல்ல வழி. அதற்கு மேல் போனால் சமாளிக்க முடியாது, உங்கள் நம்பரைச் சேமிக்காதவருக்கு ப்ரோட்காஸ்டும் போகாது.

ஏற்கெனவே வூகொமர்ஸில் இருக்கிறவர் இதற்காக மட்டும் ஷொப்பிஃபைக்கு மாற வேண்டாம், இமெயில் பக்கத்தைச் சரிசெய்தாலே போதும். புதிதாகத் தொடங்குகிறவர், தொழில்நுட்பம் பார்க்க ஆள் இல்லையென்றால், ஷொப்பிஃபைக்கே போகலாம். எங்கே இருந்தாலும், ஒரு சுரிதாருக்காகத் தந்த முகவரியைக் கேட்காமல் தீபாவளி விளம்பரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அதற்கே பயன்படுத்தச் சொல்கிறது.