தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்காதீர்கள்: சேலத்தில் நான் பட்ட பாடு

கடந்த ஏப்ரல் மாதம் என் மகளின் பிறந்தநாளுக்காகச் சேலம் நகருக்குள் இருக்கும் ஒரு வண்ணமீன் கடையில் இரண்டடித் தொட்டி வாங்கினேன். வாங்கிய பத்தாம் நாள், ஆறு தங்கமீன்களில் ஐந்து இறந்திருந்தன. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்படி விற்பது அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை என்று பிறகு பலரும் சொன்னதால், விற்ற விதத்தை விவரமாகச் சொல்லுகிறேன்.

தொட்டியின் நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 15. விளிம்பு வரை நிரப்பினால் 70 லிட்டர் கொள்ளும். கற்களும் மேலே விடும் இடைவெளியும் போக 60 லிட்டர்தான் தேறும். அதற்குள் விடுவதற்கு ஆறு தங்கமீன்களையும், "அழுக்கையெல்லாம் அதுவே தின்னுடுங்க சார்" என்று கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சக்கர் மீனையும் கடைக்காரர் எடுத்து வைத்தார். கூடவே பில்டர், விளக்கு, ஹீட்டர், நீல மருந்து, நல்ல பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி ஒரு பாட்டில் ஆகியவையும் சேர்ந்து 7,400 ரூபாய் ஆயிற்று. தங்கமீன் குளிர்ந்த நீரில் வாழும் மீன். வெளியில் தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் சேலத்துக்காரனிடம் ஹீட்டர் விற்றவரின் திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மீன் இல்லாமல் பில்டரை மட்டும் சில நாள் ஓடவிட்டு அப்புறம் மீன் விடலாமா என்று நான் கேட்காமலில்லை. "அதெல்லாம் அந்தக் காலங்க சார். இந்தப் பாட்டிலை ஊத்துனா இன்னைக்கே விட்டுடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். நான் ஏமாந்தது இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஆறு மீன்களும் நீர்ப்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. செவுள் மூடியின் ஓரம் குங்குமம் தடவியதுபோல் சிவந்திருந்தது. சக்கர் மீன் கண்ணாடியில் ஒட்டாமல் மூலையில் சாய்ந்து கிடந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். தண்ணீர் முழுவதையும் மாற்றி, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாக அலசி, நீல மருந்தை இரண்டு மடங்காக ஊற்றச் சொன்னார். அன்று காலைதான் மாநகராட்சித் தண்ணீர் வந்திருந்தது. குளோரின் வாடை போகவில்லை. சொன்னபடி அப்படியே செய்தேன். ஐந்தாம் நாள் முதல் மீன் மிதந்தது. மகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகுதான் அதை எடுத்தேன்.

வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சோதனைத் துளிகளோடு வந்து பார்த்த பிறகே நடந்தது விளங்கியது. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீவனமும் அழுகி அமோனியாவாகிறது. பழகிய தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். இவை பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கற்களிலும் படிந்து பெருகுகின்றன, அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லாததால் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன. முளைவிடத் தொடங்கிய கொஞ்சநஞ்சத்தையும் நான் குளோரின் நீரில் ஸ்பாஞ்சை அலசிக் கொன்றுவிட்டேன். நீல மருந்தான மெத்திலீன் நீலம் பூஞ்சைத் தொற்றுக்குத் தனிப் பாத்திரத்தில் பயன்படுத்த வேண்டியது. தொட்டியில் ஊற்றினால் இந்தப் பாக்டீரியாவையும் அது பாதிக்கும்.

இதில் நம் ஊர்த் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டியெடுக்கும் மண் இது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் சோறு வடித்தாலே பாத்திரத்தில் வெண்மை படியும். நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு அதில் 8.2 காட்டியது. பிஎச் ஒரு படி ஏறினால், மொத்த அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பம் அதை இன்னும் கூட்டுகிறது. வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது: 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். வேறு ஊரில் இரண்டு வாரம் தாங்கியிருக்கக்கூடிய மீன் சேலத்துக் கோடையில் ஐந்து நாளில் போய்விட்டது.

அந்தப் பாக்டீரியா பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் மற்ற இடத்தைவிடச் சற்றுத் தடித்திருந்ததைக் கவனித்து நகத்தால் சுரண்டினேன். அடியில் இருந்த உண்மையான காலாவதித் தேதி, நான் வாங்குவதற்கு 14 மாதங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. அந்தப் பாட்டில் கடை வாசலில் வெயில் படும் அலமாரியில் நின்றதும் அப்போது நினைவுக்கு வந்தது.

பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "கம்பெனிக்காரன் ஒட்டுனதுங்க, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவர், செத்த மீனுக்குப் பதிலாக வேறு மீன் தருவதாகவும், சக்கர் பெரிதாகிவிட்டால் மூக்கனேரியில் விட்டுவிடும்படியும் சொன்னார். இந்த அறிவுரையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும் தென்னமெரிக்க மீன். நம் நாட்டு நீர்நிலைகளில் இப்படிக் கைவிடப்பட்டவை பெருகி, கரைகளில் வளை தோண்டுகின்றன, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கின்றன. ஊர் மக்கள் கூடித் தூர்வாரி மீட்ட ஏரியில் போய் அதை விடுவதா? தங்கமீனும் கைக்கடக்கமாகவே இருந்துவிடுவதில்லை. ஒழுங்காக வளர்த்தால் 20 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ந்து பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. 60 லிட்டருக்கு ஆறு என்பது தொடக்கத்திலேயே தவறான கணக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அவர் தந்தது ரசீதே அல்ல, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட கைச்சீட்டு என்பதை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல், இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகார் பதியலாம். கைச்சீட்டு, பாட்டிலின் படங்கள், பணம் அனுப்பிய ஜிபே பதிவு ஆகியவற்றோடு நானும் பதிந்திருக்கிறேன். முறையான ரசீது இருந்திருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும். கடைக்காரர் எவ்வளவு முகம் சுளித்தாலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் மருந்துப் பாட்டில்களின் தேதியைக் கையால் தடவிப் பாருங்கள். தொட்டியோடு அன்றே மீனையும் கட்டிக் கொடுக்கும் கடையில் தொட்டியைக்கூட வாங்காதீர்கள்.

எஞ்சிய ஒரு தங்கமீனைக் காப்பாற்றத் தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினேன். குளோரின் நீக்கும் துளிகள் இட்ட நீரையே ஊற்றினேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தேன். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஐந்தாம் வாரத்தில் அமோனியா சோதனைக் குழாய் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியது; அமோனியா நீங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். சக்கர் மீனை ஐந்தடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் வாங்கிக்கொண்டார். ஹீட்டர் ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது; அத்தை மகன் வளர்க்கும் கப்பி மீன்களுக்கு அந்த மலைக்குளிரில் அது உண்மையிலேயே தேவைப்படுகிறது.