ஜி7 மந்திரிக்கு எந்த வேலை: கிங்ஸ் இந்தியனா, குருன்ஃபெல்டா?

கிளிநொச்சியில் பின்னேரங்களில் நான் செஸ் பழக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: வெள்ளை முதல் நகர்வில் சிப்பாயை டி4 கட்டத்துக்குத் தள்ளினால் (எழுத்து நிரை, எண் வரிசை) கறுப்பு என்ன செய்வது? அடித்து ஆட ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு தொடக்க வழி காட்டுவேன்: கிங்ஸ் இந்தியன், குருன்ஃபெல்ட். இரண்டிலும் மந்திரி (பிஷப்) ஜி7இல் நிற்கப்போகிறது; முதலில் குதிரை எஃப்6, பிறகு சிப்பாய் ஜி6. மூன்றாவது நகர்வில்தான் பிரிவு.

குருன்ஃபெல்டில் உடனே டி5. வெள்ளை அதை வெட்டி, இ4 தள்ளி, நடுவைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு சி5, குதிரை சி6 என்று டி4ஐக் குடையும். அது விழுந்தால் ஜி7 மந்திரிக்கு இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த மாதிரி. 1956இல் பின்னாளில் உலகச் சம்பியனான பொபி ஃபிஷர் 13 வயதில் அரசியைக் கொடுத்து டொனால்ட் பைர்னை வென்றது இந்த வகை ஆட்டத்தில்தான். ஆனால் ஒரு நகர்வு பிந்தினால் வெள்ளைச் சிப்பாய்கள் அமுக்கிவிடும். நிறையப் பாடமாக்க வேண்டும்.

கிங்ஸ் இந்தியனில் மந்திரி ஜி7, டி6, காஸ்லிங் (அரசனைக் கோட்டையோடு ஓரத்தில் ஒளிப்பது), அப்புறம் இ5. வெள்ளை டி5 தள்ளி நடுவை மூடினால் ஓட்டப்போட்டிதான்: வெள்ளை சி5 வழியாக உடைக்கும், கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5 என்று வெள்ளை அரசனை நோக்கி ஓடும்.

இந்த நிலையில் தரம் 10 பிள்ளை ஒருத்தி, "சேர், மந்திரி சும்மா நிக்குதே" என்றாள். உண்மைதான், சொந்த இ5 சிப்பாயே வழியை மறித்திருந்தது. கோட்டையை எஃப்7க்கு ஏற்றி, மந்திரியை எஃப்8க்குப் பின்வாங்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு கோட்டை ஜி7இல் வந்து நின்று, ஜி4 தள்ளியதும் அவளுக்கு விளங்கியது. மந்திரி டி6ஐக் காத்துக்கொண்டே கோட்டைக்கு இடம் விட்டிருந்தது.

குறையும் உண்டு. ஒன்பதாவது நகர்வில் பி4 தள்ளும் வழியில் 1997இல் ரஷ்ய வீரர் கிராம்னிக்கிடம் தோற்ற பிறகு, உலகச் சம்பியனாயிருந்த காஸ்பரோவே கிங்ஸ் இந்தியனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். என்றாலும் வலய மட்டப் போட்டிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் கிங்ஸ் இந்தியனையே முதலில் சொல்வேன். திட்டம் புரிந்தால் பாடம் மறந்தாலும் ஆடலாம்.

வெள்ளை டி4க்குப் பதில் இ4 தள்ளித் தொடங்கினால், ஜி7 மந்திரியோடு ஆட சிசிலியன் டிராகன் என்ற வழி இருக்கிறது. 1995இல் காஸ்பரோவ் அதை வைத்து ஆனந்தை இரண்டு தரம் வென்றார். அங்கே வெள்ளை தன் மந்திரியை எச்6க்குக் கொண்டுவந்து ஜி7 மந்திரியை மாற்றப் பார்க்கும். மாற்றிவிட்டால் கறுப்பு அரசனைச் சுற்றி ஓட்டைதான்.

சரி, முதலில் கிங்ஸ் இந்தியனில் நடு மூடிய அந்த நிலையைப் பலகையில் வையுங்கள். இரண்டு பக்கமும் பத்துத் தரம் மாறி மாறி ஆடுங்கள்.