கெர்னலா, டிபிடிகேயா: கோரையும் மெமரியையும் எப்படிப் பிரிப்பது?

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு லினக்ஸ் சர்வரை வைத்து பிராட்பேண்ட் ஓட்டும் அண்ணாச்சிமாருக்கு, டிராஃபிக் 10 ஜிபிபிஎஸ்ஸை நெருங்கும்போது வரும் கேள்வி இதுதான். லினக்ஸின் மையமான கெர்னலையே ஒழுங்காக டியூன் பண்ணி ஓட்டுவதா, கெர்னலைத் தாண்டி பாக்கெட்டுகளை நேரடியாகக் கையாளும் டிபிடிகே (DPDK) மென்பொருளுக்கு மாறுவதா?

முதலில் கணக்கு. 10 ஜிபிபிஎஸ் லைனில் 64 பைட் பாக்கெட்டாகவே வந்தால் விநாடிக்கு 1.488 கோடி பாக்கெட், அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோவிநாடி, 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் கோருக்கு சுமார் 200 சைக்கிள். மெயின் மெமரிக்கு ஒருமுறை போய்வந்தாலே அந்த நேரம் தீர்ந்துவிடும். ஆனால் ராத்திரி கிரிக்கெட் பார்க்கிறவர்களின் டிராஃபிக் அப்படி வராது, அதில் பெரிய பாக்கெட்டுகளே அதிகம். முழு அளவு பாக்கெட் என்றால் அதே லைனில் விநாடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான். அதனால் ஜிபிபிஎஸ்ஸைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கெர்னல் வழியில் வேலை இல்லாத கோர் ஓய்வெடுக்கும், பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப், ஃபயர்வால் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். செய்ய வேண்டியது, இன்டரப்டுகளை (பாக்கெட் வந்ததென்று கார்டு கோரைக் கூப்பிடுவது) தானாகக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்திவிட்டு, கார்டின் ஒவ்வொரு க்யூவின் (பாக்கெட் வரிசையின்) இன்டரப்டையும் ஒரு கோரில் கட்டிவைப்பது. நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பிபிபிஓஇ (PPPoE), அதாவது வாடிக்கையாளரை லாகின் மூலம் இணைத்து, பாக்கெட்டை ஓர் உறைக்குள் போட்டு அனுப்பும் முறை. பல நெட்வொர்க் கார்டுகளுக்கு பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரி தெரியாது, ஆகவே பாக்கெட்டுகளைப் பல க்யூவுக்குப் பங்கிடும் கார்டின் ஆர்எஸ்எஸ் (RSS) வசதி பிரிக்க முடியாமல் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே க்யூவில் தள்ளிவிடும். கல்யாண வீட்டில் பத்துப் பந்தி விரித்தும் ஒரே ஆள் பரிமாறுகிற கதைதான், ஒரு கோர் திணறும், மற்றவை சும்மா இருக்கும். அதே வேலையை மென்பொருளில் செய்யும் ஆர்பிஎஸ்ஸைப் (RPS) போட்டால் கெர்னலே உறையைப் பிரித்துப் பார்த்து மற்ற கோர்களுக்குப் பங்கிடும், கொஞ்சம் கூடுதல் செலவு இருந்தாலும் பலன் பெரிது. டிபிடிகேக்கு மாறினாலும் கார்டு அதே கார்டுதான், இந்தப் பிரச்சினை கூடவே வரும், அங்கே பங்கிடும் வேலையை மென்பொருளில் நீங்களே பார்க்க வேண்டும்.

சரி, டிபிடிகே எதில் ஜெயிக்கிறது? இன்டரப்டே கிடையாது, கோர் கார்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும், தாமதம் சீராக இருக்கும். அதற்கு விலை, டிராஃபிக் இல்லாத விடியற்காலையிலும் அந்தக் கோர் 100 சதவீதம் ஓடும். அக்னி நட்சத்திர வெயிலில் சின்ன அறையில் வைத்த சர்வருக்கு அந்தச் சூடு சாதாரணமில்லை, கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நேரமும் குறையும். கோரை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கிவைக்கும் ஐசோல்சிபியூஸ் என்ற பூட் அமைப்பை மட்டும் போட்டால் போதாது, அது இன்டரப்டைத் தடுக்காது, இன்டரப்டை வேறு கோருக்குத் திருப்பும் ஐஆர்க்யூஅஃபினிட்டி, டைமர் தொந்தரவைக் குறைக்கும் நோஹெச்இசட்ஃபுல் இரண்டும் சேர்ந்தால்தான் கோர் உண்மையில் தனிமைப்படும். 0ஆம் கோரை ஓஎஸ்ஸுக்கு விட்டுவிடுங்கள். ஹைப்பர்திரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) இருந்தால், கார்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும் போலிங் கோரின் ஜோடியில் கனமான வேலை எதையும் வைக்காதீர்கள்.

மெமரியில் ஹியூஜ்பேஜ் (மெமரியைப் பெரிய துண்டுகளாக ஒதுக்குவது) 2 எம்பியா 1 ஜிபியா என்று நிறைய விவாதிக்கிறார்கள். வழக்கமான 4 கேபியிலிருந்து 2 எம்பிக்குப் போவதுதான் பெரிய தாண்டல். 1 ஜிபி பேஜ், மெமரி முகவரிகளை நினைவில் வைக்கும் டிஎல்பியின் சுமையை இன்னும் குறைக்கும், ஆனால் பூட் ஆகும்போதே ஒதுக்குவது நல்லது, பிறகு கேட்டால் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் போகலாம். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் நியூமா, அதாவது எந்த மெமரியும் கார்டும் எந்தப் பிராசசர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் என்பது. கார்டு ஒரு சாக்கெட்டிலும் கோரும் மெமரியும் வேறு சாக்கெட்டிலும் இருந்தால் எந்த டியூனிங்கும் அதைச் சரிக்கட்டாது. மெமரி சேனல் எல்லாவற்றிலும் ராம் குச்சி இருக்கட்டும், பெரிய குச்சி ஒன்றைச் செருகிவிட்டு மிச்சத்தைக் காலியாக விட வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே, பாக்கெட் வந்த உடனேயே டிரைவர் மட்டத்தில் ஒரு சின்ன நிரலால் முடிவெடுக்கும் எக்ஸ்டிபி (XDP) இருக்கிறது, 2016இல் லினக்ஸ் 4.8 முதல். கார்டு கெர்னல் கையிலேயே இருக்கும், வேண்டாத பாக்கெட்டைத் தட்டிவிடுவதற்கு நல்லது.

என் முடிவு: 10 ஜிபிபிஎஸ் வரை ஒற்றை சாக்கெட் சர்வரில் கெர்னல்தான். முதலில், கோர்வாரியாகச் சுமையைக் காட்டும் எம்பிஸ்டாட் கட்டளையில் சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்டுக்குப் பிந்தைய பாக்கெட் வேலை) பத்தியைப் பாருங்கள். ஒரு கோர் மட்டும் நிரம்பியிருந்தால் பங்கீட்டைச் சரிசெய்யுங்கள், எல்லாக் கோரும் நிரம்பியிருந்தால் டிபிடிகேக்கு நேரம் செலவழிக்கலாம்.