ரசம் போன கண்ணாடியா, கண்ணாடி மாற்றியதா, புதுசா?

"கண்ணாடி ரசம் போயிருச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ரசம் பாதரசம். வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசம் ஊற்றி, கண்ணாடியை மெல்லத் தள்ளிப் படியவைத்து, பாரம் ஏற்றி வாரக்கணக்கில் வடியவிட்ட காலத்தின் சொல் அது. 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், வெள்ளி நைட்ரேட்டிலிருந்து வெள்ளியைக் கண்ணாடிமேல் படலமாகப் படியவைக்கும் வழியைக் கண்டறிந்தார். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளி பூசுவது பரவி, 1900 வாக்கில் பாதரசப் பூச்சு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. நம் பேச்சில் மட்டும் ரசம் அப்படியே தங்கிவிட்டது.

பழைய நிலைக்கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். தேக்கா, ஈட்டியா, செதுக்கு வேலை எப்படி, பாலிஷ் போட்டால் எப்படி மின்னும் என்றே பேச்சு போகும். நானும் அப்படித்தான் இருந்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டு கண்ணாடிகளை அருகருகே சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டும் நாலடி உயரம், மூன்றடி அகலம். சட்டமும் ஒரே மாதிரி. ஒன்றில் கீழ் ஓரமெல்லாம் கருத்துப் புள்ளி விழுந்திருந்தது. மற்றது பளிச்சென்று இருந்தது.

"ஏண்ணே, இதுல எது பழசு?"

"ரெண்டும் பழசுதாம்மா. ரெண்டுமே பெல்ஜியம்."

"கண்ணாடியும் பழசா, சட்டம் மட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இது கண்ணாடி மாத்துனதும்மா. ரசம் போயிருந்துச்சு. அப்படியே வச்சா யாரும் வாங்க மாட்டேங்குறாக."

கேட்டதும் உண்மையைச் சொன்ன மனிதர் அவர். ஆனால் கண்ணாடி மாற்றியதற்குத்தான் விலை கூடுதலாக இருந்தது. எனக்கு அது தலைகீழாகப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. மாற்றியபிறகு அது பழைய மரச்சட்டம் போட்ட புதுக் கண்ணாடி, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே நின்று தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். பழைய கண்ணாடியில் எதிரே தெரியும் வாசல் நிலையின் நேர்கோடு லேசாக நெளியும், குளத்து நீரில் தூண் தெரிவதுபோல. புதுக் கண்ணாடியில் கோடு கோடாகவே நிற்கும். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடி ஏறக்குறைய எல்லாமே அந்த வழியில் வந்தது. அதற்கு முன்பு, வார்த்தோ இழுத்தோ செய்த கண்ணாடியில் பெரும்பாலும் சிறு அலை மிஞ்சும். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடியருகே பிடியுங்கள். கையிலுள்ள தாளைவிடப் பிம்பத்தில் தெரியும் தாள் சற்றே சாம்பலாகவோ, பச்சை, மஞ்சள் சாயலாகவோ தெரியலாம். அதுவே அந்தக் கண்ணாடியின் தனி நிறம். அறையின் வெளிச்சத்தையே அது கொஞ்சம் தணித்துக் கொடுக்கும். கண்ணாடியை மாற்றலாம் என்று சொல்கிறவர்கள் முகம் தெளிவாகத் தெரியும் என்பதை மட்டும் சொல்வார்கள். இந்த அலையும் சாயலும் போய்விடும் என்பதைச் சொல்வதில்லை.

"பெல்ஜியம்" என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம், முக்கியமாக ஷார்லெருவா வட்டாரம், உலகுக்கே கண்ணாடி அனுப்பியது உண்மை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் சரக்கு வந்ததும் உண்மை. ஆனால் காலப்போக்கில் அந்தப் பெயர் "நல்ல கனமான கண்ணாடி" என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. பின்புறம் சீட்டோ முத்திரையோ இல்லாமல் பெல்ஜியம் என்பதற்காகத் தனி விலை கொடுக்காதீர்கள். கண்ணாடியின் தடிமனுக்கும் ஓரத்தில் சரித்து இழைத்த பட்டையின் நேர்த்திக்கும் கொடுங்கள். கையால் இழைத்த பழைய பட்டை சரிவு குறைந்து அகலமாக இருக்கும். விரலால் தடவினால் அது எங்கே தொடங்குகிறது என்றே சரியாகப் புலப்படாது. இயந்திரப் பட்டையின் விளிம்பு விரலில் பட்டென்று தட்டும்.

பாதரசக் கண்ணாடியா, வெள்ளிக் கண்ணாடியா என்பதுதான் அடுத்து. இதில் அழகோடு உடல்நலமும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெள்ளி பூசியதன் முதுகில் செங்காவி அல்லது சாம்பல் பெயின்ட் இருக்கும். அது கெடும்போது புள்ளிகள் கருப்பாகவோ பழுப்பாகவோ விழும். பாதரசப் பூச்சின் முதுகில் பெயின்ட் இருக்காது, வெறும் சாம்பல் உலோகம்தான். பிம்பம் நீலச் சாம்பலாக, மங்கலாக இருக்கும். கெட்ட இடங்கள் சர்க்கரை தூவியதுபோல் பொடிப்பொடியாக மினுக்கும். எனக்கு அந்த மங்கல் வெளிச்சத்தின்மேல் பெரும் ஆசை உண்டு. ஆனாலும் குழந்தைகள் தவழும் வீட்டுக்கு வாங்கச் சொல்லமாட்டேன். பாதரசம் காலத்தோடு கீழே இறங்கி, சட்டத்தின் அடி விளிம்பில் சிறு குண்டுமணியாகத் திரளக்கூடும். ஜெர்மனியின் ஃப்யூர்த் நகரில் இந்தப் பூச்சு வேலை செய்தவர்கள் பாதரச நஞ்சால் எவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. மாட்டிய கண்ணாடி பட்டறை அளவுக்கு ஆபத்தானதல்ல. ஆனால் அதைப் பிரிப்பதும், தலைகீழாகப் புரட்டுவதும், சிந்திய மணிகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் கூடவே கூடாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை என்பதால், அங்கிருந்து வரும் கண்ணாடிகளில் வெள்ளி பூசியவையே அதிகம் கைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ரசம் போனது, கண்ணாடி மாற்றியது தவிர மூன்றாவது வகை, பழசுபோலச் செய்த புதுசு. இடித்த வீடுகளின் கதவு, உத்திரத்திலிருந்து மரம் எடுத்துப் புதிதாகச் செதுக்கிய சட்டம். அதில் புதுக் கண்ணாடியைப் போட்டு, முதுகில் அமிலம் தொட்டுப் புள்ளி வரவழைத்திருப்பார்கள். மரம் நிஜமாகவே பழசு என்பதால் ஏமாறுவது எளிது. புள்ளிகளைப் பாருங்கள். உண்மையாகக் கெட்ட கண்ணாடி ஈரம் ஏறும் கீழ் ஓரத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும். பின்பலகைகள் இரண்டு சேரும் இடுக்கு வழியாகக் காற்று நுழைவதால், அந்த இடுக்கின் நேரே முன்னால் ஒரு மங்கல் கோடு மேலிருந்து கீழே ஓடும். அமிலம் தெளித்தவர்களுக்கு இந்தக் கோடு தெரியாது. நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவாகத் தூவியிருப்பார்கள்.

அப்புறம் கண்ணாடியைத் திருப்பச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் தானே திருப்பிக் காட்டுவார். பலகையில் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், தெரிகிறதா? கூட்டல் குறி போட்ட திருகாணி இருக்கிறதா? அந்தத் திருகாணி 1930களில்தான் உலகச் சந்தைக்கு வந்தது. அதைவிடப் பழைய கண்ணாடி என்று சொன்னால், யாரோ பின்னால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஆணித் துளைகளைச் சுற்றித் துருக்கறை மரத்தில் ஊறியிருக்க வேண்டும். முதுகு முழுக்க ஒரே சீராகக் கருப்புச் சாயம் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பல ஆண்டு இருட்டும் தூசியும் மரத்தைத் திட்டுத்திட்டாகத்தான் கருக்கவைக்கும். இதெல்லாம் தெரிந்து, புதுச் சாமான் விலைக்கே கிடைத்தால் இந்த வகையை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆசாரியின் கைவேலை நன்றாக இருந்தால் அது அவருக்கான கூலி. பழமைக்கென்று தனிப் பணம் கொடுப்பதுதான் வீண்.

அன்றாடம் முகம் பார்க்க, தலை வார, பொட்டு வைக்க என்றால் என் தேர்வு இது மூன்றுமே இல்லை. 1930களிலிருந்து 60கள்வரை செய்த டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடிகளைத் தேடுங்கள். வட்டமாகவோ, தோள்பட்டை வளைந்த வடிவிலோ, மூன்று மடிப்பாகவோ வரும். அந்தக் காலத்தின் ஆர்ட் டெகோ பாணி அதில் அப்படியே தெரியும். சட்டமே இல்லாமல் பட்டை இழைத்த கண்ணாடி தனியே நிற்பதும் உண்டு. மேசையின் கால் ஆடிப்போய், இழுப்பறை சிக்கிக்கொண்டு, மொத்தச் சாமானும் விலைபோகாமல் கிடக்கும். கண்ணாடியை மட்டும் கேட்டால் பேரம் படியும். வெள்ளிப் பூச்சு முகத்தைத் தெளிவாகக் காட்டும், பக்கக் கண்ணாடி இருந்தால் பின்னலும் தெரியும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சட்டத்தின்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல் ஈரத்தில் உப்பியிருக்கிறதா என்று விரலால் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால் ஒட்டு விட்டுவிட்டது.

கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த கண்ணாடிகளையும் சொல்லியாக வேண்டும். அன்னம், தாமரை, கிளி வரைந்து, கொடுத்தவர் பெயர் எழுதியவை. பழைய சாமான் கடைகளில் இவற்றை ஒரு ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். கண்ணாடி மெலிது, சட்டமும் சாதாரண மரம்தான். ஆனால் நிலைப்படிக்கு அருகே, சாவி மாட்டும் இடத்துக்கு மேலே, இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது. யாருடைய பெயரோ எழுதியிருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெயருக்காகவே பிடிக்கும்.

கேரளத்தின் ஆரன்முளா கண்ணாடி பற்றியும் கேட்கிறார்கள். அதை மேலே சொன்னவற்றோடு ஒப்பிடவே முடியாது. அது கண்ணாடியே அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து எடுத்த உலோகம். 2004-05இல் புவிசார் குறியீடு பெற்றது. சாதாரணக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். காரணம், பூச்சு பின்னால் இருக்கிறது. ஆரன்முளாவில் மேற்பரப்பே பிரதிபலிப்பதால் விரல் பிம்பத்தைத் தொட்டுவிடும். சித்திரை முதல் நாள் கனி காண, பூசை அறையில் வைக்க அது அருமையானது. பெரும்பாலும் உள்ளங்கை அளவில்தான் கிடைக்கும் என்பதால் கூடத்துச் சுவருக்கு ஆகாது. புதிதாக வார்த்ததே சிறப்பு, பழசைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் மாட்டும் இடத்தை முதலில் அளந்து வையுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ எடை. நாலுக்கு மூன்றடிக் கண்ணாடி 6 மில்லிமீட்டர் என்றால் கண்ணாடியே கிட்டத்தட்ட 17 கிலோ. தேக்குச் சட்டமும் பலகையும் அதற்கு மேல். ஒற்றை ஆணியில் தொங்கவிடும் காரியம் இல்லை இது. செட்டிநாட்டு வீடுகளில் பெரிய கண்ணாடிகளை உயரத்தில் மாட்டி, மேல்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும்படி விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்போதுதான் கூடமும் தரையும் ஆட்களும் பிம்பத்தில் விழுவார்கள். அடுக்ககத்தில் உயரமாக நிமிர்த்தி மாட்டினால் மின்விசிறியும் டியூப் லைட்டும்தான் தெரியும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கடற்கரை ஊர்களில் இதைச் செய்யாவிட்டால் மிச்ச ரசமும் வேகமாகப் போகும். நனைத்த செய்தித்தாளால் துடைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தண்ணீர் வழிந்து அடி ஓரத்தில் தேங்கும், கெடுவது அங்கேதான். துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்தால் போதும். தங்க ரேக்கு ஒட்டிய சட்டத்தில் ஈரமே படக்கூடாது.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அதற்குக் குறைந்த வயதென்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. "நூத்தம்பது வருஷப் பழசு" என்று பில்லில் எழுதச் சொல்லி வாங்கிவிட்டு, பிறகு விமான நிலையத்தில் நிற்க வேண்டாம்.

காரைக்குடியில் நான் எடுத்தது புள்ளி விழுந்த கண்ணாடியைத்தான். "முகம் சரியாத் தெரியாதேம்மா" என்று கடைக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பழைய கண்ணாடியைப் படுக்கவைத்தால் வண்டி குலுங்கும்போது தன் எடையிலேயே வளைந்து விரியும் என்று, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிமிர்த்தி நிற்கவைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். மதுரை வரும்வரை வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. இப்போது அது கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்கிறது. தலை வார உள்ளறையில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது.