குழு வேலை: பொறுப்பைப் பிரிப்பதா, தகவலைப் பிரிப்பதா?

வகுப்பில் செயல்திட்டம் ஒன்றைக் கொடுத்து, மாணவர்களை ஐந்து ஐந்து பேராக உட்காரவைத்தால் வழக்கமாக என்ன நடக்கும்? நன்றாகப் படிக்கும் ஒருவர் எழுதுவார், இன்னொருவர் படம் வரைவார், மீதி மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த மூவரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்ட முடிவு என்ன சொன்னது? ஆள் கூடக் கூட, தலைக்கு இவ்வளவு என்று போடும் பலம் குறைந்துகொண்டே போனது. ஆக, பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் குழுவை எப்படி அமைத்தோம் என்று பார்ப்பதுதான் நியாயம்.

எப்படியோ செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது ஒரு வழி. ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகிய குழுவுக்கு அது போதும். மற்ற குழுக்களில் சத்தமாகப் பேசுபவர் சொல்வதே முடிவாகிவிடும். அதனால் உண்மையான போட்டி அடுத்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

முதலாவது, பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது. ஒருவர் ஒருங்கிணைப்பாளர், ஒருவர் குறிப்பெடுப்பார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் பொருள்களைக் கவனிப்பார். வேலை உடனே தொடங்கும், குழப்பம் குறையும், பாடவேளைக்குள் முடிந்தும்விடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குழுவேலையைப் பல்லாண்டு ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் ஒன்றைக் கவனித்தார்: கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த மாணவர்தான் குழுவில் அதிகம் பேசுகிறார், அவர் பேச்சுக்குத்தான் மதிப்பும் கிடைக்கிறது. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை அமைதியான ஒரு மாணவியிடம் கொடுத்தால் இந்த வரிசை கொஞ்சமாவது மாறும்.

ஆனால் நேரம் பார்ப்பவர் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லையே! பொறுப்புகளைப் பிரித்தோம், யோசிக்கும் வேலை பழையபடி ஒருவர் தலையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, தகவலையே பிரித்துவிடுவது. இதற்கு ஜிக்சா முறை என்று பெயர். எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இதை உருவாக்கினார். இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் அப்போதுதான் ஒன்றாக்கப்பட்டிருந்தன. ஒரே வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளிடையே பகை புகைந்துகொண்டிருந்தது. ஒருவருக்கு இன்னொருவர் தேவைப்படும்படி பாடத்தையே அவர் துண்டாக்கினார். 'நம் பள்ளியில் தண்ணீர் எங்கே வீணாகிறது' என்ற செயல்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் குழாய்க் கசிவை அளக்கும் முறை, ஒருவருக்குத் தொட்டியின் கொள்ளளவுக் கணக்கு, ஒருவருக்குக் கழிப்பறைப் பயன்பாடு, ஒருவருக்கு மறுபயன்பாட்டு வழிகள். ஒரே தலைப்பு கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடி அதைத் தெளிவாக்கிக்கொள்வார்கள். அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கசிவை அளக்கத் தெரிந்தவர் வாய் திறக்காவிட்டால் குழுவின் கணக்கே முழுமையாகாது. இங்கே வேடிக்கை பார்க்க வழியில்லை.

சிக்கல்களும் உண்டு. ஒருவர் விடுப்பு எடுத்தால் ஒரு துண்டு காணாமல் போகும். வாசிக்கத் திணறும் பிள்ளை தவறாகப் புரிந்துகொண்டால் குழு முழுவதும் தவறாகவே கற்கும். ஆசிரியருக்குத் தயாரிப்பு வேலையும் பல மடங்கு.

என்னைக் கேட்டால், செயல்திட்டத்தின் தொடக்கத்தில், விஷயம் சேகரிக்கும் கட்டத்தில் ஜிக்சாதான். மாதிரி செய்வது, அறிக்கை எழுதுவது என்று வரும்போது அது தடையாகிவிடும். அங்கே பொறுப்புப் பிரிவினைக்கு மாறலாம், பொறுப்புகள் வாரந்தோறும் கைமாற வேண்டும். கடைசிவரை ஒரே முறையைப் பிடித்துத் தொங்குவதால்தான் பல வகுப்புகளில் இரண்டுமே தோற்கின்றன.

எப்படிப் பிரித்தாலும், பேச்சு சரியில்லை என்றால் பயனில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர் நீல் மெர்சர் மாணவர் பேச்சில் மூன்று வகை பார்த்தார்: ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே இருப்பது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, காரணம் கேட்டும் சொல்லியும் சேர்ந்து யோசிப்பது. சண்டை போடும் குழு ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். தலையாட்டும் குழு ஒற்றுமையாக இருப்பதுபோல் தெரிவதால் தப்பிவிடும். நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். ஏன் என்று சொல்லாமல் எந்த முடிவையும் எழுதக்கூடாது, பேசாதவரிடம் கேட்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது என்ற இரண்டு விதிகளைப் பிள்ளைகளோடு பேசி ஒப்புக்கொண்டாலே மாற்றம் தெரியும். தயங்கும் வகுப்பில், முதலில் தனியாக யோசித்து, அப்புறம் இருவராகப் பேசி, பிறகு எல்லோர் முன்னும் சொல்லும் முறை நேரடி விவாதத்தைவிட மேல். கேள்வி கேட்ட ஆசிரியர் பொறுமையாக இருப்பதும் முக்கியம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வில் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, தயங்கியவர்களும் பேசினார்கள்.

மதிப்பெண்ணிலும் இதே போட்டிதான். குழுவுக்கு மொத்தமாக ஒரே மதிப்பெண் என்றால் உழைத்தவர் வயிறெரிவார். ஆளுக்குத் தனியாக என்றால் யாரும் யாருக்கும் சொல்லித்தர மாட்டார்கள். குழுவில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, மொத்த வேலையையும் அவரையே விளக்கச் சொல்லி, அதற்குக் குழு முழுவதுக்கும் ஒரு பங்கு மதிப்பெண் தரலாம். மீதியை அவரவர் தனியாக எழுதித் தரும் பக்கத்துக்குக் கொடுக்கலாம். சீட்டில் யார் பெயர் வரும் என்று தெரியாததால், முந்தின நாளே தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார்.