கார்ன்ட் பீஃபா, பேக்கனா? செயின்ட் பேட்ரிக் நாளின் இரண்டு சமையல்கள்

அயர்லாந்துக்காரர்களின் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் நாளில், மார்ச் 17 அன்று, நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்களின் அடுப்பில் கார்ன்ட் பீஃபும் (உப்புநீரில் ஊறிய மாட்டிறைச்சி) முட்டைக்கோஸும் வேகும். "அயர்லாந்தில் இதை யார் சாப்பிடுகிறார்கள்? பேக்கனும் (உப்பிட்ட பன்றிக்கறி) கோஸும்தான் அசல்" என்று ஆண்டுதோறும் ஒரு குரலும் கிளம்பும். அந்தக் குரலில் பாதி உண்மை இருக்கிறது. அதற்காக கார்ன்ட் பீஃபைப் போலி என்று தள்ளுவது பெரிய அநியாயம்.

அயர்லாந்திலிருந்து உயிர்மாடுகளை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்வதை 1663, 1667 சட்டங்கள் முடக்கின. மாட்டை அனுப்ப முடியாததால் இறைச்சியை உப்பிட்டு அனுப்பினார்கள். கார்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பீப்பாய் பீப்பாயாகப் போயிற்று. அதை உப்பிட்டு அடைத்த ஏழைகளுக்கோ அது எட்டாத விலை. அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கு, மோர், எப்போதாவது பன்றிக்கறி. 1845இல் தொடங்கிய பஞ்சத்துக்குத் தப்பி நியூயார்க் வந்தவர்களுக்கு அங்கே மாட்டிறைச்சி கட்டுப்படியானது. பக்கத்திலிருந்த யூதக் கசாப்புக் கடைகளில் பன்றி கிடையாது. பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது. ஊரில் கைக்கு எட்டாதது புது ஊரில் பண்டிகைச் சாப்பாடாயிற்று. அதனால் இது புலம்பெயர்ந்தவர்களின் சொந்தச் சமையல். எதன் நகலும் இல்லை.

இனி ருசி. அயர்லாந்தின் பேக்கன் என்றால் மெல்லிய பொரித்த துண்டுகளை நினைக்காதீர்கள். உப்பிட்ட பன்றி முதுகுக்கறியை முழுத் துண்டாக வேகவைத்து, அந்த நீரிலேயே கோஸை வேகவிட்டு, பார்ஸ்லி போட்ட வெள்ளை சாஸ் ஊற்றித் தருவார்கள். சீக்கிரம் தயாராகும், சுவையும் மென்மை. கோஸுக்குப் பொருத்தம் எது என்று கேட்டால் என் ஓட்டு பேக்கனுக்கே. பன்றிக்கொழுப்பு இறங்கிய நீரில் கோஸ் தித்திக்கிறது.

கறிக்காகச் சாப்பிடுபவர்களுக்கு கார்ன்ட் பீஃப்தான். நம் உப்புக்கண்டம் போல வெயிலில் காய்வதில்லை இது. உப்புநீரில் ஒரு வாரம் ஊறுகிறது. கடுகு, தனியா, மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் அந்த நீரில் உண்டு. பிறகு தளதளவென்று கொதிக்க விடாமல், சின்னத் தீயில் மூன்று மணி நேரம். நெஞ்சுக்கறியின் கடினமான இணைப்புத் திசு அப்போதுதான் கரைந்து ஜெலட்டின் ஆகும். அவசரப்பட்டால் ரப்பர்தான். கோஸைக் கடைசி இருபது நிமிடத்தில் போடுங்கள். முதலிலேயே போட்டால் குழைந்து கந்தக வாடை அடிக்கும். வெட்டும்போது நாரின் போக்கைப் பார்த்து அதற்குக் குறுக்கே கத்தி வையுங்கள். நார் நீளத்துக்கு வெட்டினால் நூல் நூலாகப் பல்லில் சிக்கும், குறுக்கே வெட்டினால் அதே கறி வாயில் உதிரும்.

கார்ன்ட் பீஃபிலேயே இரண்டு கட்சி. பெரும்பாலான கடைகளில் கிடைப்பது சிவப்பு. பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் என்ற உப்பு கொடுக்கும் நிறம் அது. பாஸ்டன் பக்கம் நைட்ரைட் சேர்க்காத சாம்பல் நிறக் கறியை இன்றும் விரும்பிக் கேட்பார்கள். அதில் மாட்டின் ருசி தூக்கல், சிவப்பில் பதப்படுத்திய கறிக்கே உரிய அந்த மணம். எனக்குச் சிவப்பு பிடிக்கும். வீட்டில் ஊறவைப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருங்கள்: இதற்குப் போடும் 'பிங்க் சால்ட்' வேறு, சமையலுக்கு வாங்கும் இமாலய இந்துப்பு வேறு. முன்னதில் நைட்ரைட் இருப்பதால் அளவு மீறினால் நஞ்சு.

நெஞ்சுக்கறி 'ஃபிளாட்', 'பாயின்ட்' என்று இரண்டு பகுதியாகக் கிடைக்கும். 'ஃபிளாட்' அழகாக, சீராக இருக்கும். சாண்ட்விச்சுக்கு அதுதான் வசதி. தட்டில் வைத்துச் சாப்பிட, கொழுப்போடிய 'பாயின்ட்' வாங்குங்கள். பார்க்க ஒழுங்கற்றது, விலையும் பெரும்பாலும் குறைவு, ஆனால் எளிதில் வறளாது. மிஞ்சியதை மறுநாள் காலை உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு இரும்புச் சட்டியில் முறுகவிட்டு, மேலே ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் 'ஹாஷ்'. பேக்கன் இந்த இடத்தில் கிட்டே வர முடியாது.