வா என்றால் வருவதா, போவதா?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒருவர் 'வா' என்றால், எந்த மொழியில் என்று பார்க்க வேண்டும். தமிழில் கிட்டே கூப்பிடுவது. பிரெஞ்சிலோ 'போ' என்று அனுப்புவது. 'சா வா?' என்பது அங்கே நலம் விசாரிப்பு, நேர்ப்பொருள் 'அது போகிறதா?' நம் காதுக்குத்தான் சாவு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

இரண்டையும் பெரியவர்களிடம் சொல்லக்கூடாது: இங்கே 'வாங்க', அங்கே 'அலே'.

இலக்கணத்திலும் இரண்டும் அடங்காத பிள்ளைகள். தமிழ் வா, வந்தேன், வருவேன் என ஒரே வேருக்குள் உருமாறும். பிரெஞ்சு 'வா'வுக்கு லத்தீன் 'வாதெரே' மூலம். அதே வினையின் எதிர்கால வடிவமான 'இரா'வுக்கு (போவான்) 'ஈரே' என்ற வேறு லத்தீன் சொல்.

எனக்குப் பிடித்தது நம்முடையதுதான். கிளம்பும்போதுகூட 'போயிட்டு வரேன்' என்றல்லவா சொல்கிறோம்!